ரங்கநாயகி சுரை

கொஞ்சம் நகந்து உக்காருங்க அம்மிணி, பை பெருசு. மேல வெக்கறதுக்கில்லீங்க. கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லியாச்சு, அப்படி என்னம்மா உள்ளார தங்கமா வெச்சிருக்கேன்னு. விதைங்க. இருநூறு பொட்டலம், பொட்டலத்துக்கு எட்டு விதை, மேல பேரு எழுதி ஒட்டியிருக்கேன். மடியிலதான் வரும். ஈரோடு போயி ஒருத்தி மூஞ்சியில கரியைப் பூசற வரைக்கும் இதைக் கீழ வெக்கறதா இல்ல.

நீங்க தாராபுரத்துல ஏறினீங்களா? நான் உடுமலையிலிருந்தே இந்த சீட்டுதான். ஊட்டுல மொட்டைமாடி இருக்குதுங்களா? அப்பறம் என்ன, இந்தாங்க, ஒரு பொட்டலம் வெச்சுக்கங்க. அட வாங்கிக்கங்க, விக்கறதுக்கில்ல. கொழந்தைங்க ரெண்டா? மூணு வயசும் ஆறு வயசுமா? நல்லதாப் போச்சு. சுரைக்காயைக் கூட்டு வெச்சு சோத்துல பெசஞ்சு ஊட்டுங்க, ஒடம்புக்குக் குளிர்ச்சி. பைக்குள்ள பத்திரமா வெய்யுங்க. மேல என்ன எழுதியிருக்குது, படிங்க. ஆமாங்க, ரங்கநாயகி சுரை. நாந்தானுங்க அந்த ரங்கநாயகி.

சிரிக்காதீங்க, அது எங்க குரூப்போட வழக்கம். மாடி மகசூல்னு வாட்சப்புல ஒரு குரூப்பு, எரநூத்துப் பதினாலு பேரு. எல்லாரும் மாடியில தொட்டி வெச்சிருக்கறவங்க. ஒருத்தரு விதை குடுத்தா, அந்தச் செடிக்கு அவங்க பேருதான். பரந்தாமன் கத்திரி, அம்புஜம் அவரை, இப்படி. குடுத்தவங்க குரூப்பை விட்டுப் போனாலும் பேரு போகாது. அம்புஜம்மா தவறிப்போயி ரெண்டு வருசம் ஆச்சு. இன்னிக்கும் காலையில போனைத் தொறந்தா அம்புஜம் பூத்துருச்சு, அம்புஜம் காச்சுருச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் போட்டோ போடறாங்க. எனக்குக் கொழந்தை குட்டி இல்லீங்க. என்ற பேரைச் சொல்றதுக்கு அந்தச் சுரை ஒண்ணுதான் இருந்துச்சு.

சண்டை வராமயா இருக்கும்? எரநூறு பேரு இருக்கற எடத்துல. துளசித் தொட்டிக்கு முட்டை ஓடு போடலாமா கூடாதான்னு ஒரு வாரம் அடிச்சுக்கிட்டாங்க. மூணு பேரு கோவிச்சுக்கிட்டு வெளிய போனாங்க. நாலாம் நாளு மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கறதுன்னு தெரியாம மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்க. அதே ஆளுங்கதான், அட்மின் பரந்தாமன் சாரு ஆப்பரேசனுக்குப் போனப்போ முறை போட்டுக்கிட்டு கோபிக்குப் போயி அவரு மாடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தவங்க. சொந்தக்காரங்க பண்ணுவாங்களா? பண்ண மாட்டாங்க. நல்ல குரூப்புதானுங்க. அந்த ஈரோட்டுக்காரி வாயைத் தொறக்கற வரைக்கும்.

கோமளவல்லின்னு பேரு. கோமளம் கோமளம்னு எல்லாத்துக்கும் செல்லம். நான் நேர்ல பாத்ததில்ல, அவளும் என்னைப் பாத்ததில்ல. முழங்காலு வலியில போன மீட்டிங்குக்கெல்லாம் நான் போகல.

நடந்தது இதுதான். முந்தின வருசம் என்ற மாடியில ஒரு குண்டுச் சுரை காச்சுது பாருங்க, ஒவ்வொண்ணும் கொடம் கொடமா. போட்டோ போட்டேன். அக்கா விதை, அக்கா விதைன்னு அறுபது பேரு கேட்டாங்க. கவர்ல போட்டு அறுபது பேருக்கும் தபால்ல அனுப்பினேன். ரங்கநாயகி சுரைன்னு பேரு வெச்சுட்டாங்க. போன வருசம் ஆடி மாசம் காலையில எந்திரிச்சா போனு பூரா என்ற பேருதான். ரங்கநாயகி மொளைச்சுருச்சு, ரங்கநாயகி கொடி ஏறிருச்சு. என்ற ஊட்டுக்காரரு கூட, என்ன இன்னிக்கு எத்தனை ஊட்டுல மொளைச்சேன்னு கேப்பாரு.

பொரட்டாசியில இவ ஒரு வீடியோ போட்டா. சுரைக்காயை நடுவுல அறுத்துக் கையில வெச்சுக்கிட்டு, ரங்கநாயகி சுரை கசக்குதுங்க, என்ற மாமியாருக்கு வாந்தி நிக்காம ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தியிருக்குது, தயவுசெஞ்சு யாரும் சமைக்காதீங்கன்னு. அவ மாமியாருக்கு எழுவத்தெட்டு வயசு. காலையில எதைத் தின்னாங்களோ, மத்தியானம் எதைத் தின்னாங்களோ. வயசானவங்க வாந்தியெடுத்தா அதுக்கு உடுமலையில இருக்கற நானா பொறுப்பு?

ஒருத்தி சொன்னதும் ஆட்டு மந்தையாட்டம் பதினோரு பேரு எங்களுதும் கசக்குதுன்னு கெளம்பிட்டாங்க. பரந்தாமன் சாரு உடனே வாத்தியாராயிட்டாரு. ஏனுங்கம்மா, விதைக்கு விட்ட காய்க்குப் பூவைக் கட்டுனீங்களான்னு கேக்கறாரு. அது என்னன்னா, சுரைப்பூ சாயங்காலம் விரியுமுங்க. விரியறதுக்கு முந்தி பொண்ணுப் பூவை நூலுல கட்டிப்போட்டு, நம்ம கொடியோட ஆம்பளைப் பூவைப் பறிச்சு நாமளே தடவி, மறுபடியும் கட்டி வெக்கோணுமாம். இல்லாட்டிப் பூச்சி எங்கிருந்தாச்சும் கசக்கற பேய்ச்சுரை மகரந்தத்தைக் கொண்டாந்து வெச்சுருமாம். அந்தக் காய் தித்திப்பாத்தான் இருக்குமாம், உள்ளார இருக்கற விதை மட்டும் கெட்டுப்போயி, அதை நட்டா கசக்குமாம். காய் நல்ல காயாம், விதை கெட்ட விதையாம். கேளுங்க இந்தக் கூத்தை. நான் அந்தக் கொடியில காய் பறிச்சு வாரம் ரெண்டு நாளு தின்னவ. எனக்குத் தெரியாதா?

கட்டினேன்னு சொன்னேன். பொய்யில்லீங்களே, கட்டத்தான் செஞ்சேன். ரெண்டு பூவுக்குக் கட்டினேன், ரெண்டும் வெம்பி விழுந்துருச்சு. அப்பறம் நாலஞ்சு தானா புடிச்சு ஜம்முன்னு வந்துச்சு, அதையெல்லாம் விதைக்கு விட்டேன். அதுக்குன்னு நான் கட்டலைன்னு ஆயிருமா? பக்கத்துல பேய்ச்சுரை இருக்குதான்னும் கேட்டாரு. என்ற ஊட்டுப் பக்கத்துல என்ன இருக்குது? பக்கத்து ஊட்டு டீச்சரு, சுரைக்குடுக்கையைக் காய வெச்சு ஓட்டை போட்டு லைட்டு மாட்டறேன்னு ஒரு கொடி உட்டிருக்குது. அது தின்னற சுரையே இல்ல, குடுக்கைச் சுரை. அதுவும் செவுத்துக்கு அந்தப்பக்கம். அதைப் போயி அவருகிட்ட எதுக்குச் சொல்லோணும்?

அப்பறம் என்ன ஆச்சுன்னா, அந்த விதை வெச்சிருக்கறவங்க எரிச்சுப்போடுங்கன்னு அட்மின் உத்தரவு. எல்லாரும் கொடியைப் புடுங்கிப் புடுங்கி போட்டோ போட்டாங்க. ரங்கநாயகியைப் புடுங்கியாச்சு. ரங்கநாயகி குப்பையில. நூத்துப்பத்து பேரு கட்டைவெரலைத் தூக்கிக் காட்டினாங்க அம்மிணி, நான் எண்ணினேன். நான் ஏழு நிமிசம் ஓடற வாய்ஸ் ஒண்ணு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் சொல்லல. அடுத்த வாரம் ஒரு பொம்பள எழுதறா, என்ற வெள்ளரிக்காய் லேசா ரங்கநாயகி அடிக்குதுன்னு. சிரிக்கற பொம்மையா அம்பது விழுந்துச்சு. நான் சோறு வெச்சுட்டு இருந்தேன். அடுப்பை நிறுத்திப்போட்டு, அங்கியே உக்காந்து அழுதேன். அன்னிக்கே குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்.

அடுத்த நாளு கோமளம் மூணு தடவை கூப்பிட்டா. நான் எடுக்கல. எதுக்குக் கூப்பிட்டிருப்பா? குத்திக்காட்டத்தான்.

சுரை நடற மனசே அப்பறம் வரலீங்க. மிச்ச விதை டப்பாவோட அலமாரியில கெடந்துச்சு. மார்கழியில ஒரு நாளு அந்த டப்பாவைப் பாத்தேன். அப்பத்தான் புத்தியில வந்துச்சு. என்ற ஊட்டுக்காரரோட பழைய போனுல ஒரு புது சிம்மைப் போட்டேன். கார்த்தியாயினி, பல்லடம்னு பேரை வெச்சுக்கிட்டு குரூப்புக்குள்ள போயிட்டேன். பல்லடத்துல என்ற தங்கச்சி ஊடு இருக்குது, அட்ரஸுக்குக் கவலையில்ல. என்ற கொரலு எல்லாத்துக்கும் தெரியும்னு வாய்ஸே அனுப்பறதில்ல. தொண்டையில கட்டி, டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாருன்னு எழுதிட்டேன்.

போயி யாருகிட்டப் பழகினேன்னு நெனைக்கறீங்க? அவகிட்டத்தான். தக்காளி எலை சுருட்டுதுன்னு ஒரு பொய்யைச் சொல்லி ஆரம்பிச்சேன். உடனே புளிச்ச மோரு தெளிங்கக்கான்னு வந்துட்டா. அப்பறம் தெனமும் காலையில ஆறு மணிக்குத் தண்ணி ஊத்தறப்போ அவ ஒண்ணு எழுதுவா, நான் ஒண்ணு எழுதுவேன். அவ தொட்டியில அணில் பண்ற அட்டூழியம், அவ மாமியாரு செடிகிட்டப் பேசறது, எல்லாம் சொல்லுவா. நல்லா எழுதுவாங்க, சிரிப்பு வந்துரும். நான் போனைப் பாத்துச் சிரிக்கறதைப் பாத்து ஊட்டுக்காரரு, யாரு அதுன்னு கேப்பாரு. விரோதின்னு சொல்லுவேன். எல்லாம் நடிப்புதானுங்க. சித்திரையில எனக்குக் காய்ச்சல் வந்து பதினஞ்சு நாளு படுத்தப்போ, தங்கச்சி ஊட்டு அட்ரஸுக்குப் பார்சல் வந்துச்சு. நெலவேம்புப் பொடி, சுக்கு, ரெண்டு கருவேப்பிலைக் கன்னு. எந்திரிச்சதும் நடுங்கக்கான்னு ஒரு சீட்டு. நடிக்கறதுன்னா முழுசா நடிக்கோணுமில்ல, அதனால அதையும் நட்டேன். இப்ப இடுப்பொசரம் வந்துருச்சு. காலையில மொதத் தண்ணி அதுக்குத்தான்.

ஆடி பொறந்ததும் அந்த டப்பாவிலிருந்து எட்டு விதை எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கார்த்தியாயினி சுரைன்னு எழுதி. புரியுதுங்களா? அதே டப்பா, அதே விதை, பேரு மட்டும் வேற. அவ நட்டு, காச்சு, நல்லா இருக்குதுன்னு அவ வாயால சொல்லட்டும். அப்பறம் நான் எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சு நிப்பேன். ஏண்டி, ரங்கநாயகின்னா கசக்குது, கார்த்தியாயினின்னா இனிக்குதா? கசந்தது சுரையா, உன்ற மனசான்னு கேப்பேன். இந்தக் கேள்வியை நான் பத்து மாசமா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்.

மாட்டுனா பாருங்க. போன வாரம் குரூப்புல போட்டா. கார்த்தியாயினி சுரை, வெண்ணெயாட்டம் வெந்துருச்சு, எங்க ஊட்டுல ரெண்டாந்தடவை கேட்டுச் சாப்பிட்டாங்கன்னு. இதா பாருங்க, ஜெராக்ஸ் கடையில பெருசாப் போட்டு லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன். இது போன வருசம் வீடியோவுல சொன்னது, நானே எழுதி வெச்சது. இது இந்த வருசம் சொன்னது. ரெண்டையும் ரெண்டு கையில புடிச்சுக்குவேன்.

இன்னிக்கு ஈரோட்டுல ஒரு மண்டபத்துல வருசாந்தர மீட்டிங்கு. விதை மாத்திக்கறது, சாப்பாடு, அப்பறம் ஒவ்வொருத்தரா மைக்குல பேசோணும். கார்த்தியாயினின்னு பேரைக் குடுத்தாச்சு. இன்னும் கேளுங்க, அவளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைய வண்டியில கூட்டிட்டுப் போறாளாம். பச்சைச் சேலை கட்டிட்டு நிக்கறாளாம். தொண்டைக்கு நல்லதுன்னு சுக்குக் காப்பி பிளாஸ்க்குல கொண்டாராளாம். குடிப்பேன். அவ காப்பியைக் குடிச்சு, அவ வண்டியில ஏறிப் போயி, அவளையே மேடையில கிழிப்பேன். முடிஞ்சதும் இந்த இருநூறு பொட்டலத்தையும் ஆளுக்கு ஒண்ணா குடுப்பேன். எரிச்சவங்க கையாலயே திரும்ப வாங்கோணும். எல்லா ஊட்டுலயும் மறுபடி ரங்கநாயகி மொளைக்கோணும். ஊட்டுக்காரரு காலையில கூடச் சொன்னாரு, எதுக்கும் ஒண்ணை நட்டுத் தின்னு பாத்துப்போட்டுப் போயேன்னு. கட்டுன புருசனுக்கே நம்பிக்கையில்லைன்னா ஊரானை என்ன சொல்றது. நான் அவருகிட்டச் சொல்லிக்காமத்தான் வந்தேன்.

காங்கயம் தாண்டியாச்சா? இருங்க, போனு அடிக்குது. அவதான். எங்க வாரீங்கன்னு கேப்பா. பெருசா எழுதியிருக்கறா. படிக்கறேன், நீங்களும் கேளுங்க, இவ நடிப்பு எப்படின்னு தெரியும்.

"அக்கா, பஸ் ஏறிட்டீங்களா. ஒண்ணு சொல்லோணும். நேர்ல சொல்ல வாய் வராது, அதான் எழுதறேன்." பாருங்க, பீடிகையை. "கோவிச்சுக்காதீங்க. உங்க சுரை கசந்துருச்சுக்கா."

பொய். லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன் அம்மிணி, வெண்ணெய்ன்னு எழுதுனவ இவதானே. இருங்க.

"நாக்கு நுனியில வெச்சுப் பாத்தேன், சுருக்குன்னு இழுத்துருச்சு. துப்பிட்டு, கொடியையும் அறுத்துட்டேன். மாமியாரு கிட்டக் காட்டவே இல்ல. குரூப்புல நல்லா இருக்குதுன்னு பொய்தான் எழுதினேன். போன வருசம் இதே மாதிரி ரங்கநாயகின்னு ஒரு அக்காளை எல்லாரு முன்னாலயும் வீடியோ போட்டுச் சொல்லிப்போட்டேன். மாமியாரு கெடந்த கெடப்புல பயந்துட்டேன்கா, யாரு ஊட்டுலயாச்சும் கொழந்தைங்க தின்னுருமோன்னு. ஆனா அவங்ககிட்ட மொதல்ல தனியாச் சொல்லியிருக்கோணும். அவங்க பேரை எல்லாரும் கேலி பண்ணினாங்க. நான் போன் பண்ணேன், எடுக்கல. அப்படியே போயிட்டாங்க. இன்னொருத்தரை அப்படிப் போக உட எனக்கு மனசு வரலக்கா. அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

இன்னும் இருக்குது.

"உங்க ஊட்டுப் பக்கத்துல எங்கியாச்சும் பேய்ச்சுரையோ குடுக்கைச் சுரையோ படர்ந்திருக்குதான்னு பாருங்க. அதுலிருந்துதான் வந்திருக்கும். உங்க தப்பு இல்ல. ஆனா அந்த விதையை இனி யாருக்கும் குடுத்துராதீங்க. நான் வந்துட்டேன், பச்சைச் சேலை, டீக்கடை ஓரமா நிக்கறேன்."

பாத்தீங்களா? பாத்தீங்களா பொய்க்காரியை? எரநூறு பேரு படிக்கற எடத்துல, சமைக்கவே சமைக்காத காயை ரெண்டாந்தடவை கேட்டுத் தின்னாங்கன்னு எழுதியிருக்கறா. இதை மட்டும் மைக்குல படிச்சேன்னா அவ யோக்கியதை சந்தி சிரிக்கும். இனி அவ எதைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எனக்கு இது போதும், லேமினேசன் கூட வேண்டாம். படிக்கத்தான் போறேன்.

என்ன சொல்றீங்க? படிச்சா என்ன? கசக்குதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமா? அதெப்படிங்க ஆகும். இது கார்த்தியாயினி சுரையைத்தானே சொல்றா.

ஒரே டப்பா. தெரியுமுங்க. நாந்தானே சொன்னேன்.

அந்தக் காய் அத்தனை தித்திப்பா இருந்துச்சு அம்மிணி. நான் தின்னேன், சத்தியமா தின்னேன். டீச்சர் கொடி அந்தப்பக்கந்தான். செவுத்து மேல ஏறி நாலு பூவு இந்தப்பக்கம் எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் ஆனா வெள்ளை வெளேர்னு இருக்கும். நல்லாருக்குதேன்னு நான் கூட நின்னு பாத்திருக்கேன்.

எதுக்கு முதுகைத் தடவறீங்க? நான் அழுகல. கண்ணுல தூசி கூட இல்ல. எனக்கு ஆத்திரம். அவ திட்டியிருந்தா பரவாயில்ல. என்னையவே நெனைச்சு வருத்தப்பட்டுக்கிட்டு, என்னையவே அக்காங்கறா. இப்ப நான் யாரைக் கிழிக்கறது? பத்து மாசம் மனப்பாடம் பண்ணின கேள்வியை எங்க கொண்டு போயிக் கொட்டறது? அவளை நான் உடறதா இல்லீங்க. இருக்கட்டும், வேற ஏதாச்சும் கெடைக்கும். அடுத்த வருசம் வரும்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அதா, டீக்கடை ஓரமா. பச்சைச் சேலை, கையில பிளாஸ்க்கு. ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்கறா பாருங்க. இத்தனை ஒல்லியா இருப்பான்னு நான் நெனைக்கல.

நீங்க முன்னால எறங்குங்க அம்மிணி, எனக்கு முழங்காலு மெதுவாத்தான் வரும். இருங்க, ஒரு நிமிசம். தாராபுரத்துல ஒரு பொட்டலம் குடுத்தனே, பைக்குள்ள வெச்சீங்களே. அதை இப்படிக் குடுத்துருங்க.

எதுக்குன்னு கேக்காதீங்க. கொழந்தைங்க இருக்கற ஊடுன்னு சொன்னீங்கல்ல. குடுங்க.